ப்ளோயருக்குள் ஈரம்

காரின் ஏசியைப் போட்டதும் கேட்டது இரும்புச் சத்தமே அல்ல. அதுதான் மெக்கானிக்குக்கு முதலில் உறுத்தியது. இருபது வருஷமாக வண்டிகளின் வயிற்றுச் சத்தம் கேட்டுப் பழகிய காது அவருடையது. பேரிங் போனால் கீச்சிடும், பெல்ட் தளர்ந்தால் அலறும், இலை சிக்கினால் படபடக்கும். இதுவோ, டாஷ்போர்டுக்குப் பின்னால் யாரோ வாயை மூடாமல் நிதானமாக மெல்வது போலிருந்தது. சளப்... சளப்...

"எலியா இருக்குமோ அண்ணே?" என்றார் காரைக் கொண்டுவந்த டீச்சர். "ஒரு வாரமா என் பொண்ணு முன் சீட்டுல உட்காரவே மாட்டேங்குறா. நாத்தம் வேற, குடலைப் புரட்டுது."

"எலிதான் செத்துக் கிடக்கும். நீங்க வெளிய உட்காருங்கம்மா, நான் பார்க்குறேன்."

காற்றின் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். மெல்வது அதே நிதானத்தில் நடந்தது. கம்ப்ரஸரை அணைத்தார். மாறவில்லை. எஞ்சினையும் நிறுத்தி, காற்றை ஊதும் ப்ளோயர் மோட்டாரின் வயரைக் கழற்றினார். காற்று நின்றது.

சளப்.

செத்த எலி மெல்லாது என்பது அப்போதுதான் உறைத்தது. உயிரோடு இருந்தால் பிடித்து எறிந்துவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, முன் சீட்டில் உட்கார்ந்து, டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, ஃபில்டரை இழுத்தார். வழுக்கியது. பலங்கொண்டு இழுத்ததும், ஊறிப்போன பஞ்சு மூட்டை போலக் கொழகொழவென்று மடியில் விழுந்தது. திரிந்த பாலும் பல் விளக்காத வாயும் கலந்த வெதுவெதுப்பான நாற்றம் முகத்தில் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டார்.

விசிறியின் இறக்கை படவில்லை. வழவழப்பான சதை பட்டது. அதன் ஓரமாக ஒரு மேடு. பல் முளைக்காத ஈறு போல.

சத்தம் நின்றது.

எதுவோ விரல்களைக் கவ்வியது. கடிக்கவில்லை. சப்பியது. பால்குடிக் குழந்தை போல, ஆசையாக, அவசரமே இல்லாமல்.

கையை இழுத்தார். வரவில்லை.

"என்ன அண்ணே, ஏதாவது கிடைச்சுதா?" வெளியிலிருந்து டீச்சர் கேட்டார்.

அவர் இடது கையால் வலது முழங்கையைப் பிடித்து மறுபடி இழுத்தார். எதிரே, டாஷ்போர்டில், காற்று வரும் துளைகளின் பட்டைகள் மெல்ல விரிந்தன. ஒன்று. இரண்டு. நான்கும். இடுக்குகளில் நுரை கட்டியது. பிறகு எச்சில். நான்கு வாய்களிலிருந்தும் கம்பி கம்பியாக, இளஞ்சூடாக, வழிந்துகொண்டே இருந்தது.