கையுறைக்குள் சிலந்தி

அத்தைக்கு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. விடுமுறை நாளில் வாலுவும் கூடப் போனாள். பள்ளியில் அவளுக்கு வேறு பெயர். வீட்டில் எல்லோருக்கும் வாலுதான்.

அன்று ஒரு வீட்டின் பின்பக்க வேலிக்குப் பச்சை அடிக்க வேண்டும். முந்தின நாள் வெளியிலேயே விட்டுப்போன கையுறையை எடுத்து மாட்டினாள் அத்தை.

“ஆ!”

கையை உதறினாள். பளபளவென்று ஒரு கறுப்புச் சிலந்தி கீழே விழுந்தது. அதன் வயிற்றில் சிவப்பாக ஒரு குறி.

அத்தை செருப்பைக் கழற்றி ஓங்கினாள்.

“அடிக்காதீங்க அத்தை! நசுங்கிட்டா என்ன சிலந்தின்னே தெரியாது.”

வாலு எட்ட நின்றபடியே அத்தையின் போனில் படம் எடுத்தாள்.

“எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு. எதுக்கும் இந்தக் கயித்தால இறுக்கிக் கட்டு. பிளேடால லேசா கீறிடலாம்,” என்றாள் அத்தை.

“கட்டவும் கூடாது, கீறவும் கூடாது. ஸ்கூல்ல முதலுதவி வகுப்புல சொன்னாங்க.”

“அடேயப்பா! டாக்டரம்மா சொன்னா சரி.”

கடித்த இடத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள் தெரிந்தன. வாலு சோப்புப் போட்டுக் கழுவினாள். குளிர்ந்த ஈரத்துணியை வைத்தாள். அத்தையை நிழலில் உட்கார வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“காலையில அவசர அவசரமா சாப்பிட்டேன். அதான்.”

வாலு உற்றுப் பார்த்தாள். நிழலிலும் அத்தைக்கு வியர்வை கொட்டியது. வயிற்றைத் தொட்டாள்; பலகைபோல் இறுகியிருந்தது.

“இது சாப்பாட்டு வலி இல்ல அத்தை. சிலந்தி விஷம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்.”

“வேலி பாதியில நிக்குதேடி!”

“வேலி எங்கயும் ஓடிடாது.”

போனில் முகவரியை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அத்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் படத்தைப் பார்த்தார். “இது விஷச் சிலந்திதான். வலி கூடுறதுக்குள்ள வந்துட்டீங்க. பயப்பட ஒண்ணுமில்ல.”

நர்ஸ் ஊசியோடு வந்ததும், மூன்று மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்கும் அத்தை, கண்களை இறுக மூடிக்கொண்டாள். வாலு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி போட்டு முடிந்தது. மெல்ல மெல்ல வலி இறங்கியது.

“பேஷன்ட் கூட வந்த பெரியவங்க யாரு?” என்று கேட்டார் நர்ஸ்.

அத்தை வாலுவைக் காட்டினாள். “இவங்கதான்.”