மேசைக்கு அடியில் ஒன்பது விநாடி

வலது கட்டைவிரலின் அடிமூட்டு காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருஷம் கோழி ஆலையில் நின்று, வந்துகொண்டே இருக்கும் கோழிகளின் வயிற்றுக்குள் கையை விட்டுக் குடலை இழுத்துப் போட்ட விரல் அது. குளிர் வருவது முதலில் அதற்குத்தான் தெரியும். நோரீன் கோசிக் அதை இடது உள்ளங்கைக்குள் பொத்திக் கொஞ்சம் சூடேற்றிவிட்டு, ரப்பர் விரலுறையை மாட்டிக்கொண்டு, அடுக்கிலிருந்து அடுத்த தபால் ஓட்டு உறையை எடுத்தாள்.

ஈரமாக இருந்தது.

உறை முழுக்க இல்லை. பின்பக்கம், மூடியை மடித்து ஒட்டுகிற விளிம்பு மட்டும். யாரோ இப்போதுதான் நாக்கால் தடவி ஒட்டிக் கையில் கொடுத்த மாதிரி. முன்பக்கத்தில் வந்து சேர்ந்த தேதி முத்திரை தெளிவாக இருந்தது: இருபத்துமூன்று நாளாகிறது. இத்தனை நாளும் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்த உறை. அவள் அதைக் கவுனில் துடைத்துவிட்டு வலப்பக்கப் பெட்டியில் போட்டாள். விரலுறையில் ஒட்டியிருந்த பிசுக்கு மட்டும் போகவில்லை.

கவுண்டி அலுவலகத்தின், அதாவது மாவட்ட அலுவலகத்தின், கீழ்த்தளத்து அறை அது. ஜன்னல் கிடையாது. மணி மூன்றானாலும் ஒன்பதானாலும் ஒரே குழல்விளக்கு வெளிச்சம், கொதிகலன் குழாய் சுவருக்குள் ஓடுகிற ஒரே முனகல். கோழி ஆலையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு அவள் வந்ததற்குக் காரணமே காகிதம்தான். காகிதம் நாறாது. காகிதத்துக்கு வயிறு கிடையாது. வீட்டுக்குப் போய்த் தலைமுடியை மூன்று தடவை அலச வேண்டியதில்லை.

மேசையில் நானூற்றுப் பன்னிரண்டு உறைகள். எல்லாம் மூன்றாம் வார்டு, பழைய இரும்பு வார்ப்பாலைப் பக்கத்து ஜனங்கள் போட்டவை. தேர்தல் முடிந்து எல்லா வார்டும் எண்ணியாகிவிட்டது, இவற்றை மட்டும் பிரிக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். இவற்றை எண்ணினால் கவுண்டி சபையில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எழுந்துபோக வேண்டும். எண்ணாவிட்டால் உட்கார்ந்தே இருக்கலாம். ஒட்டாமல் வந்த உறை செல்லாது, அதை எண்ண மாட்டார்கள். ஆகவே ஐந்து மணிக்குள் நோரீன் ஒவ்வோர் உறையையும் பார்த்து, நானூற்றுப் பன்னிரண்டும் ஒட்டாமல் திறந்தே வந்தவை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அத்தனையும் அழகாக ஒட்டியிருந்தன.

பதினோரு வருஷமாக இந்த மேசைக்கு இரண்டு நாற்காலி. உறையை எடுப்பது ஒருவர், பார்ப்பது இன்னொருவர், இருவரும் எதிரெதிர்க் கட்சி, படிவத்தில் இரண்டு கையெழுத்து. நோரீன் யானைச் சின்னக் கட்சி. எதிரே உட்கார்ந்த ஆல்வின் டீக் கழுதைச் சின்னக் கட்சி; வார்ப்பாலையில் முப்பது வருஷம் இரும்பு ஊற்றிய பெரிய கறுப்பு மனிதர், நெருப்புப் பொறி பட்ட தழும்பு இரண்டு முழங்கையிலும். மேசைக்கு அடியில் கால் இடித்தால், "யானை கால நீட்டுனா கழுதை எங்க போறது, கொஞ்சம் மடக்கு கோசிக்" என்பார். தேர்தல் வந்தால் இருவரும் எதிரெதிராக ஓட்டுப் போட்டு ஒருவர் ஓட்டை இன்னொருவர் ஈடுகட்டிவிட்டு, சேர்ந்து போய் சூப் குடிப்பார்கள்.

இந்தக் கோடையில் சபை அந்த விதியை எடுத்துவிட்டது. ஒரு ஆள் போதுமாம். எதிர் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தரையில் அதன் நான்கு கால் தேய்த்த பள்ளம் மட்டும் இருந்தது.

டொக்.

தலைக்கு மேலிருந்து. பிறகு நிறைய. டொக், டொக், டொக். பயப்பட எதுவுமில்லை என்று அவளுக்குத் தெரியும். கட்டடத்தின் முன்னால் மூன்றாம் வார்டு ஜனங்கள் பனியும் மழையும் கலந்து கொட்டுவதைப் பார்க்காமல் பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு நாற்காலி குறைகிறதென்று ஆளுக்கொரு நாற்காலி வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். சமையலறை நாற்காலி, மடக்கு நாற்காலி, குழந்தை உட்காருகிற உயர நாற்காலிகூட. முதல் நாள் ஒன்பது பேர், இன்று தெருமுனை வரைக்கும். அரைமணிக்கொரு தரம் எல்லோரும் எழுந்து நாற்காலிக் கால்களைத் தரையில் குத்துவார்கள்.

காலையில் அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தபோது முன்வரிசையில் ஓப்பல் உட்கார்ந்திருந்தாள், ஆல்வினின் மனைவி. மஞ்சள் நாற்காலியில் அவள், பக்கத்தில் இன்னொரு மஞ்சள் நாற்காலி காலியாக. ஓப்பல் கத்தவில்லை. பிளாஸ்க் மூடியில் காபியை ஊற்றிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில், "அவரு நாற்காலி சும்மாத்தான் கெடக்கு நோரீன். உள்ள கொண்டுபோறியா, கனமில்ல" என்றாள்.

நோரீன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த உறையும் ஈரம். அதற்கடுத்ததும். விளிம்பு மட்டும் ஈரமாக இருந்தது போய் இப்போது மூடி முழுக்க நனைந்திருந்தது, தண்ணீரைப்போல் வழியாமல், கொழகொழவென்று நூல் இழுத்தது. விரலுறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது. அந்தச் சூடு அவளுக்குத் தெரிந்த சூடு. அறுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகாத கோழிக்குள் கையை விட்டால் இருக்கிற சூடு. அறைக்குள் எங்கிருந்தோ அந்த நாற்றமும் வந்தது, பித்தமும் இறகு வெந்த தண்ணீரும் கலந்து அடித்தொண்டையில் உட்காருகிற நாற்றம். ஆலையில் அவள் வாயால் மூச்சுவிடப் பழகியிருந்தாள், இப்போது வாய்வழியாக அதன் ருசியே வந்தது.

நான்கு மணிக்குக் கதவு திறந்து பிரென்ட் ஹாடிக்ஸ் வந்தான். வசந்தத்தில் சபை நியமித்த தேர்தல் இயக்குநர், முப்பத்துநான்கு வயது, பல்லெல்லாம் ஒரே அளவு. எத்தனை முடிந்தது என்று கேட்டான். முந்நூறு என்றாள். ஓர் உறையை எடுத்து நகத்தால் மூடியைக் கிளப்பி, "பாருங்க, சரியா ஒட்டவே இல்ல" என்றான். பிறகு கையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தான். "மதியம் கோழியா சாப்பிட்டீங்க?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"வராந்தாவுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கீங்கபோல, நோரீன். நேத்து அந்தப் பக்கமா வண்டியில போனேன். பளிச்சுன்னு இருக்கு."

"ஆமா சார்."

"அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிப் படிவத்தை வைத்துவிட்டுப் போனான். படிவத்தில் கையெழுத்துக்கு ஒரு கோடுதான் இருந்தது.

வராந்தா என்று அவன் சொன்னது எதை என்று அவளுக்குத் தெரியும்.

போன தேர்தல் முடிந்த வாரம் ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஒன்பது விநாடி. இந்த அறை, இந்த மேசை, ஆல்வின் தனியாக ஓட்டுப்பெட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருக்கிறார். எதிர் நாற்காலி காலி. தனியாக இருந்தார், திருடினார் என்றார்கள். கவுண்டி மண்டபத்தில் விசாரணை வைத்தார்கள். முன்வரிசையில் ஒருவன் முழங்காலை அகட்டி உட்கார்ந்து அவளையே பார்த்து மிரட்டலாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஒன்பது விநாடியும் நீங்கள் மேசையில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். அவள் இருந்தாள். விரலுறை கழன்று விழுந்து, அதை எடுக்க மேசைக்கு அடியில் குனிந்திருந்தாள். அவ்வளவுதான் விஷயம். ஒரு வரி.

ஞாபகம் இல்லை என்றாள்.

ஆல்வின் கோபப்படவில்லை. அவள் தொண்டை வறண்டு இருமியபோது தன் முன்னால் இருந்த தண்ணீர்க் கோப்பையை அவள் பக்கம் தள்ளினார்.

அன்று இரவே அவர் வராந்தாவில் கோழிக்குடலைக் கொட்டினார்கள். பிறகு இன்னொரு தடவை. பக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். நீலக் கைப்பிடி போட்ட வெள்ளை பக்கெட், கோழி ஆலையில் அவள் பத்தொன்பது வருஷம் தூக்கிய அதே மாதிரி. கழுவ வந்த அக்கம்பக்கத்தாரை அவர் விடவில்லை, என் வாசல் நான் கழுவுகிறேன் என்றாராம். மூன்றாம் தடவை ஜனவரி. விடிகாலையில் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக் கவிழ்ந்துவிட்டார். ஓப்பல் பார்த்தபோது, திறந்த வாயிலிருந்து நாக்கு வெளியே வந்து, குடலோடு குடலாகப் பலகையில் உறைந்து ஒட்டியிருந்தது. வெந்நீர் ஊற்றிப் பிரித்தார்களாம். தோல் பலகையிலேயே தங்கிவிட்டதாம்.

டொக். டொக். டொக்.

நாலரை. முந்நூற்று எழுபதாவது உறையில் ஓப்பல் டீக் என்று எழுதியிருந்தது. நோரீன் அதைத் திருப்பிப் பார்த்தாள். இறுக்கமாக ஒட்டியிருந்தது, மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்த தடம்கூட இருந்தது. அதையும் செல்லாதவற்றோடு வலப்பக்கப் பெட்டியில் போட்டாள். அது மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு. பேனாவை எடுத்தாள். தன் வீட்டு வராந்தாவை நினைத்தாள், புதுப் பலகையை, வெள்ளைப் பெயின்டை. கையெழுத்துப் போட்டாள். மை ஈரத்தில் கொஞ்சம் பரவியது. ஹாடிக்ஸ் வந்து படிவத்தை மட்டும் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, பெட்டியைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னான். கதவு சாத்திக்கொண்டது.

மேலே சத்தம் நின்றிருந்தது. ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

விரலுறையைக் கழற்றினாள். வழுக்கி விழுந்தது. துள்ளி மேசைக்கு அடியில் போனது.

விட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் பதினோரு வருஷப் பழக்கம், உடம்பு தானாகக் குனிந்தது. மண்டியிட்டாள். மேசைக்கு அடியில் தலையை நீட்டினாள்.

எதிர்ப்பக்கம், நாற்காலி இருந்த காலி இடத்தில், இரண்டு கால்கள்.

வீட்டுச் செருப்பு. நனைந்த கம்பளிக் காலுறை. செருப்பு விளிம்பில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ தொங்கியது. தரையில் சொட்டியது. பின்னால் நாற்காலிக் கால்கள் நான்கும் பள்ளத்தில் சரியாகப் பொருந்தி நின்றன. மஞ்சள் நாற்காலி.

அவள் அசையவில்லை.

தலைக்கு மேல், மேசையில், ஒரு சத்தம். ஈரச் சத்தம். நீளமாக ஓர் இழுப்பு, பிறகு உள்ளங்கையால் ஓர் அழுத்தம். மறுபடி. இழுப்பு. அழுத்தம். அவசரமில்லாமல். ஒவ்வொன்றாக. உறைகளை யாரோ நக்கி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

எண்ணாமல் இருக்க முடியவில்லை. பத்து. நாற்பது. நூறு. முழங்கால் மரத்தது. நாற்றம் கண்ணைக் கரித்தது. முந்நூறு. மேசை விளிம்பிலிருந்து எச்சில் நூலாக இறங்கி அவள் கழுத்தில் பட்டது. வெதுவெதுவென்று.

நானூற்றுப் பதினொன்று.

நின்றது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. முழங்கால்கள் மடிந்தன. முழங்கை தெரிந்தது, நெருப்புத் தழும்பு. ஒரு கை அவள் விரலுறையை நீட்டியது. பிறகு முகம் இறங்கியது. வாய் திறந்தே இருந்தது. தோல் இல்லாத நாக்கு. அதன் மேல் ஓப்பலின் உறை, மூடி விரிந்து, காத்திருந்தது.

"அப்ப நீ எங்க இருந்த, கோசிக்?"

கோபமே இல்லை. தண்ணீர்க் கோப்பையைத் தள்ளியபோது இருந்த அதே நிதானம்.

சொல்லத்தான் வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. உதடு உதட்டோடு ஒட்டியிருந்தது. நாக்கு அண்ணத்தோடு. வாயெல்லாம் பசை. பசைக்கு அடியில் கோழிப்பித்தம். அவர் பொறுமையாக, கழுத்தைச் சாய்த்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆல்வின் டீக்குக்கு நோரீன் கோசிக் ஒரு வரி பாக்கி: நான் கூடவே இருந்தேன், மேசைக்கு அடியில்.