புல்லட்டில் போன பிணம்

"டேய்... பொணம்டா!"

கோதண்டராமன் அலறிய அலறலில் மண்டபத்து வௌவால்கள் மொத்தமாகக் கிளம்பின.

சக்கரபாணி திரும்பிப் பார்த்தான்.

நிஜம்தான்!

கல் தூண்களுக்கு நடுவே, தரையில், தலை முதல் கணுக்கால் வரை வெள்ளை வேட்டி போர்த்திய ஓர் உருவம். மார்பின் மேல் சாமந்தி மாலை. தலைமாட்டில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"எவனோ தூங்கறான்டா," என்றான் மூர்த்தி, தூணில் செதுக்கியிருந்த கல்வெட்டிலிருந்து முகத்தை எடுக்காமலே.

"மாலை போட்டுக்கினு எவன்டா தூங்குவான்?"

"எங்க மானேஜர் தூங்கினாரே! ரிட்டையர் ஆன அன்னிக்கி மேடையிலேயே..."

"காலைப் பாருடா!"

சக்கரபாணி பார்த்தான்.

இரண்டு கால் கட்டைவிரல்களும் ஒரு துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன!

உயிருள்ளவனுக்கு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. உயிர் போனதும் தசை தளர்ந்து கால்கள் ஆளுக்கொரு பக்கம் சாயும். அப்படியே விறைத்துவிட்டால் பாடையில் அடங்காது. அதனால்தான் அந்தக் கட்டு. மாலையையும் ஊதுபத்தியையும் எவனுக்கு வேண்டுமானாலும் வைக்கலாம். கட்டைவிரல் கட்டு, போனவனுக்கு மட்டும்!

"சின்னக் காலா இருக்குதுடா... பாவம், சின்ன வயசு போல..." என்று கோதண்டராமன் உச்சுக் கொட்டினான்.

"பக்கத்துல ஒருத்தனைக்கூடக் காணோமேடா," என்றான் மூர்த்தி. அவனும் இப்போது கல்வெட்டை விட்டு வந்திருந்தான். "கொலை பண்ணிட்டு இங்க போட்டுட்டுப் போயிருப்பாங்களோ? நாமதான் சாட்சின்னு புடிச்சுக்கினா? கோர்ட்டு, வாய்தா, கிழவனாகற வரைக்கும்..."

ஓடினார்கள்!

முதலில் ஓடியவன் சக்கரபாணி.

ஓடட்டும். அதற்குள் இவர்களைப் பற்றிச் சொல்லிவிடலாம். மூவரும் திருவண்ணாமலைக்காரர்கள். சக்கரபாணி தாலுகா ஆபீசில் கிளார்க். கோதண்டராமன் தேரடி வீதியில் ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். பேச ஆரம்பித்தால் வாயில் பொய்யும் மெய்யும் கலந்து வரும், பொய் கொஞ்சம் ஜாஸ்தியாக. மூர்த்தி இன்சூரன்ஸ் கம்பெனி ஊழியன். பழைய கல் எதைக் கண்டாலும் அதில் எழுத்து இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பவன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மோட்டார் சைக்கிளில் பழைய இடங்களைச் சுற்றுவது என்று கிளம்பியிருந்தார்கள். நேற்று செஞ்சிக் கோட்டை. இன்று காலை கிரிவலப் பாதை மண்டபங்கள். மதியத்துக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆமாம், வண்டி! அதுதான் விஷயம்.

மூர்த்தியிடம் சொந்தமாக ஒரு கிழட்டு ஜாவா உண்டு. சக்கரபாணி ஓட்டிவந்த புல்லட்டோ அவனுடையதல்ல. வேங்கிக்காலில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கும் பரசுராமனுடையது. பரசுராமன் யார்? சக்கரபாணியின் வருங்கால மாமனார்! மகள் வேதாவுக்கும் இவனுக்கும் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பெண் பார்க்கப் போன அன்று, எங்கெங்கே சுற்றப் போகிறான் என்று கேட்டுக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே சாவியை நீட்டினார் மனுஷன்.

"மாப்ளே, முப்பது வருசமா வண்டி ஓட்டறேன். இதுமேல ஒரு கீறல் இல்ல. பொண்ணைக் குடுக்கறதும் ஒண்ணுதான், இதைக் குடுக்கறதும் ஒண்ணுதான். இதைப் பத்திரமா கொண்டாந்தாத்தான் அதைப் பத்தியே பேச்சு!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மீசை மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது ஓடியவர்களிடம் வருவோம். மூச்சிரைக்கப் பாதைக்கு வந்து, மூர்த்தியின் ஜாவா பக்கத்தில் நின்றார்கள்.

"சக்கரபாணி... உன் வண்டி?"

"மண்டபத்து வாசல்ல."

"சாவி?"

சக்கரபாணி சட்டைப் பையைத் தடவினான். பேண்ட் பையைத் தடவினான்.

"...வண்டியிலயே."

அப்போதுதான் கேட்டது அந்தச் சத்தம்.

டுப்... டுப்... டுப்... டுப்... டுப்...!

மூவரும் திரும்பினார்கள். மூவரின் வாயும் ஒரே அளவுக்குப் பிளந்தது.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு மண்டபத்திலிருந்து வந்தது புல்லட். அதன் மேல் வெள்ளை வேட்டி தலையோடு சேர்த்துச் சுற்றிய உருவம். கழுத்தில் சாமந்தி மாலை. பின்னால் படபடக்கும் வேட்டி முனை!

உருவம் இவர்களைக் கடந்தது. வலப்பக்கம் திரும்பக் கை காட்டியது. திரும்பியது. போய்விட்டது!

"பொ... பொணம்... வண்டி ஓட்டுதுடா!"

"சிக்னல் காட்டிட்டுப் போகுதுடா!"

"பொணமாவது மண்ணாவது! திருடன்டா அவன்! ஏறுங்கடா!" என்று கத்தினான் சக்கரபாணி. புல்லட் போனால் வேதாவும் போனாள். அந்த எண்ணம் வந்ததுமே பயம் இடம் தெரியாமல் போயிருந்தது.

ஜாவா மூன்று பேரையும் சுமந்துகொண்டு முக்கியது, முனகியது, புகைந்தது. ஆனாலும் ஓடியது. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் புளியமரங்கள். முன்னால் தூரத்தில் வெள்ளை வேட்டி தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது.

திடீரென்று பாதை முழுக்க ஆடுகள்!

"இந்தாப்பா... ஓட்டுய்யா சீக்கிரம்!"

"ஆட்டுக்கு கியர் இல்லீங்க," என்றார் மேய்ப்பவர், நிதானமாக.

ஆடுகள் கடந்தபோது வேட்டியைக் காணவில்லை.

மூர்த்தி பிரேக் போட்டான். "சக்கரபாணி, இப்படியே தொரத்தினா புடிக்க முடியாது. வண்டியைத் திருப்பிடுவோம். வந்த வழியே ஊருக்குள்ள போயி அந்தப் பக்கமா எதிர்ல போனா, கப்புனு மடக்கிடலாம்."

கணக்கு சரியானதுதான். வட்டப் பாதையில் முன்னால் போகிறவனைப் பின்னால் இருந்து துரத்தினால், அவனைவிட வேகமாகப் போனால்தான் பிடிக்கலாம். எதிர்த் திசையில் போனால் நத்தை வேகத்தில் போனாலும் போதும். அவனே வந்து மாட்டுவான்!

ஆனால் கோதண்டராமன் தொப்பென்று கீழே குதித்தான்.

"இடமா சுத்தறதா? அண்ணாமலையாரையா? என்னை வுட்டுடுங்கடா சாமி! நான் நடந்தே போயிக்கிறேன்!"

"திருடனைப் புடிக்கத்தான்டா!"

"திருடன்கூட வலமாத்தான்டா போறான்! அவனுக்கு இருக்கற பக்தி நமக்கு வேணாம்?" என்றவன் கண்ணில் திடீரென்று ஒரு ஒளி. "டேய், அவனும் இந்த ஊர்க்காரன்தான். செத்தாலும் இடமா வரமாட்டான். அப்போ எதுக்குத் தொரத்தணும்? இங்கயே நிப்போம். சுத்திக்கினு அவனே வருவான்!"

கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. மறுத்துச் சொல்லவும் வழியில்லை!

எதிரிலேயே ஜோதியம்மாளின் டீக்கடை.

"ஏம்மா, இந்தப் பக்கம் வெள்ளைத் துணி சுத்திக்கினு, மாலை போட்டுக்கினு... பொணம் மாதிரி ஒருத்தன் புல்லட்ல போனானா?"

"போச்சு போச்சு," என்றாள் ஜோதியம்மாள், டீயை ஆற்றியபடி. "கோழி குறுக்க வந்துச்சி. ஹாரன் அடிச்சி, நிறுத்தி, கோழி போனதும் போச்சு. ரொம்ப நல்ல பொணம்."

டீ குடித்தார்கள். காத்திருந்தார்கள். மாட்டு வண்டிகள் வந்தன. ஒரு சாமியார் வந்தார். புல்லட் வரவில்லை.

"அவன் பாதியில வேற ரோட்டுல திரும்பிட்டான்டா," என்று மூர்த்தி பெருமூச்சு விட்டான். "அந்த வண்டியை எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் ஸ்டார்ட் பண்ணானோ?"

சக்கரபாணியின் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது.

எப்படி?

புல்லட்டை நினைத்தபடி உதைத்துக் கிளப்ப முடியாது. அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் உதைப்பானை மெல்ல அழுத்த வேண்டும். ஹெட்லைட் மேலே இருக்கும் சின்ன மீட்டரில் முள் நடுவுக்கு வரும் வரை. பிறகு இடது கையால் ஒரு குட்டி லீவரை இழுக்க வேண்டும். அது சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றை வெளியே விடும். உதைப்பானை ஒரு அங்குலம் இறக்கி, லீவரை விட்டு, அதன் பிறகுதான் உதை! அவசரப்பட்டால் உள்ளே அடைபட்ட காற்று, உதைத்த காலையே திருப்பி உதைக்கும்.

செஞ்சியில் சக்கரபாணி உதைத்த உதையைப் பார்க்கக் கூட்டமே கூடியது. வேர்க்கடலை விற்றவனுக்கு நல்ல வியாபாரம்.

ஆனால் பிணம் ஒரே உதையில் கிளப்பியிருக்கிறது!

"கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம்," என்று முணுமுணுத்தான் சக்கரபாணி. "ஜாவா ஓட்டறவனுக்கு எல்லாம் தலைகீழ். தடுமாறியிருப்பான். இவன் தடுமாறல. அதுவும் இந்த வண்டியில அந்த லீவரு லூசு. கீழ இழுத்தா ஒண்ணும் ஆகாது, மேல தூக்கி இழுக்கணும். அது எனக்கே சாவி குடுத்தப்ப மாமனார் சொன்னதாலதான் தெரியும்..."

"அப்போ?"

"திருடன் வெளியாள் இல்லடா! அந்த வீட்டு ஆளு! அந்த வீட்ல புல்லட் ஓட்டற ஆம்பளை ஒருத்தர்தான்!"

"யாரு... மாமனாரா?"

"அவரேதான்! கல்யாணத்தை நிறுத்தணும்னு நாடகம்! எடுங்கடா வண்டியை!"

வேங்கிக்காலில் பரசுராமன் வீட்டு முற்றத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே போர்வை.

"வாங்க மாப்ளே! வண்டி எங்க?"

கோதண்டராமன் முந்திக்கொண்டான். "மாமா, இன்னா சொல்றது! ஆறு பேரு! கையில அருவா! நம்ம சக்கரபாணி தனியாளா நின்னு நாலு பேரை..."

"சும்மா இருடா!" என்றான் சக்கரபாணி. பிறகு மாமனார் பக்கம் திரும்பிச் சொன்னான். "ஆறு பேரும் இல்ல, அருவாவும் இல்லீங்க மாமா. ஒரே ஒரு பொணம். அதுவும் படுத்துக்கினு இருந்தது. அதைப் பாத்துப் பயந்து ஓடினோம். மொதல்ல ஓடினது நான்தான். சாவியை வண்டியிலயே வுட்டுட்டேன்."

பரசுராமனின் மீசை துடித்தது. "வண்டி போச்சா?"

"போச்சு. ஆனா எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்." சக்கரபாணி ஒரு அடி முன்னால் வந்தான். "ஒரே உதையில அதைக் கிளப்பத் தெரிஞ்சவரு. லூசு லீவரைத் தெரிஞ்சவரு. மாமா... பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லியிருக்கலாம். இந்த வயசுல நீங்க மண்டபத்துல போயி பொணமா படுக்கணுமா?"

பரசுராமன் போர்வையை மெல்ல விலக்கினார்.

வலது கால்... முழங்கால் வரை மாவுக்கட்டு!

"ஒரு மாசமாவுது," என்றார் பல்லைக் கடித்தபடி. "அவசரமா ஒதைச்சேன். திருப்பி ஒதைச்சிடுச்சி. முப்பது வருசமா ஓட்டறவன் கால் ஒடஞ்சதுன்னு வெளிய சொன்னா மானம் போவுமேன்னுதான் கல்லாவுக்குப் பின்னாடியே உக்காந்துக்கினு இருந்தேன். இப்ப சொல்லுங்க... இந்தக் காலை வெச்சிக்கினு நான் வண்டியைத் திருடினேனா?"

சக்கரபாணிக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை போலிருந்தது. வண்டியும் போச்சு. மாமனாரையும் திருடன் என்று சொல்லியாகிவிட்டது. இனி வெள்ளிக்கிழமை எங்கே?

"அப்போ... யாரு?"

டுப்... டுப்... டுப்... டுப்...!

தெருமுனையில் சத்தம்! நெருங்கியது. வாசலில் வந்து நின்றது.

புல்லட்!

அதிலிருந்து பாவாடை தாவணியைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கினாள்... வேதா! தோளில் மடித்த வெள்ளை வேட்டி.

"ரிசர்வ்ல வுட்டு வெச்சிருக்கீங்க," என்றாள் சக்கரபாணியைப் பார்த்து. "பெட்ரோல் பங்க்ல ஒரே கூட்டம். அதான் லேட்டு."

"வேதா!" பரசுராமன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தார். "நீ வண்டி ஓட்டறது மாப்பிள்ளை வூட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு எத்தினி தடவை சொல்லியிருக்கேன்! களத்துல கத்துக் குடுத்ததே தப்பாப் போச்சு! வெள்ளிக்கிழமை நிச்சயத்தை வெச்சிக்கினு... பொணமாவா படுப்ப?"

"நான் என்னாப்பா பண்றது? பொண்ணு பாக்க வந்தன்னிக்கி இவரு சிநேகிதரு என்னா சொன்னாரு?" வேதா கோதண்டராமன் பக்கம் திரும்பினாள். "'எங்க சக்கரபாணி சுடுகாட்டு வழியா தனியா வருவான், வழியில பொணம் கெடந்தாக்கூட ஒத்திப் படு, தள்ளிப் படுன்னுட்டுப் போவான்'னு சொல்லல? அவ்வளவு தைரியமா இருக்கறவருகூட நான் எப்படிக் காலம் தள்றது? அதான், நீங்க கேட்டப்ப இன்னிக்கி கிரிவல மண்டபம்னு இவரு சொன்னதை வெச்சி, ஒத்திப் படுக்கச் சொல்றாரான்னு பாக்கப் போனேன்."

கோதண்டராமன் மல்லாட்டையை எண்ண ஆரம்பித்தான்.

"அந்தக் கால் கட்டு... எப்படிங்க அவ்வளவு சீக்கிரம் அவுத்தீங்க?" என்று மூர்த்தி ஆர்வமாகக் கேட்டான்.

"சுருக்கு முடிச்சுங்க. ஒரு முனையை இழுத்தா வந்துடும்."

பரசுராமன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்ப இன்னாம்மா சொல்ற? பொணத்தைப் பாத்து ஓடின ஆளு... வேணாமா?"

"வேணும்பா," என்றாள் வேதா. "ஓடினதுகூடப் பரவாயில்ல. ஆறு பேரு, அருவான்னு கதை ரெடியா இருந்துச்சி. அதை வேணாம்னுட்டு ஓடினேன்னு சொன்னாரு பாரு... வண்டியை அணைச்சி உருட்டிக்கினு வந்து சன்னல்கிட்ட நின்னு கேட்டேன். அப்புறம் திரும்பத் தள்ளிக்கினு போயி தெருமுனையில ஸ்டார்ட் பண்ணேன். ஆனா ஒரு கண்டிஷன்."

"சொ... சொல்லுங்க," என்றான் சக்கரபாணி.

"வண்டி நான்தான் ஓட்டுவேன்."

சக்கரபாணி செஞ்சியில் உதைத்ததை நினைத்துப் பார்த்தான். இன்னும் வலித்த குதிகாலையும் நினைத்துப் பார்த்தான்.

"தாராளமா! பின்னாடி உக்காந்துக்கினு வர்றதுக்கு எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லீங்க!"

பரசுராமன் சிரித்தார். இந்த முறை மீசையும் சேர்ந்து சிரித்தது.

திரும்பும்போது ஜாவாவின் பின்சீட்டில் கோதண்டராமன் சக்கரபாணியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"நண்பன்ற முறையில ஒண்ணே ஒண்ணு சொல்றேன்டா..."

"இன்னா?"

"கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க போத்திக்கினு தூங்கினாங்கன்னா... தயவுசெஞ்சி தொட்டுப் பாத்துட்டு அப்புறமா ஓடு!"