உடலறி மாத்திரை

"அம்மா, பெரியப்பாவோட மாத்திரையைத் தின்னுட்டேன்" என்றாள் இளவேனில். ஆறு வயதுக்காரி. உதட்டோரம் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

மதிவதனி தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவுங்க மாத்திரைல உனக்கென்ன வேலை? சரி உடு. நாளைக்குத் தானா வெளிய வந்துரும்."

அந்த ஆண்டுகளில் எந்தத் தாயும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். உடலறி மாத்திரையின் மேல் ஒரு மெல்லிய அறிதோல் உண்டு. கடையில் வாங்கும்போதே வாங்குபவரின் உடலுக்கே உரிய அடையாளமான உடற்குறியை அதில் பதித்துவிடுவார்கள். வேறு யாராவது விழுங்கினால் தோல் இறுகி மூடிக்கொள்ளும். மாத்திரை முழுசாக வெளியேறிவிடும். உரியவரே அவசரத்தில் இரண்டு முறை விழுங்கினாலும் இரண்டாவது திறக்காது. தெரியாமல் மருந்தைத் தின்று இறந்த குழந்தை என்ற செய்தியே நாட்டில் இல்லாமல் போயிற்று. மருந்து அலமாரிகளின் பூட்டு போயிற்று. பள்ளியில் மருந்தைப் பற்றிச் சொல்லித்தந்த பாடமும் போயிற்று. பிள்ளைகள் மாத்திரைகளைப் பரப்பி வைத்துக் கடை விளையாட்டு விளையாடினார்கள்.

மதிவதனிக்கு வேலையே கோயம்புத்தூரில் அந்த அறிதோல் செய்யும் ஆலையில்தான். தோல் சரியாக மூடுகிறதா என்று சோதிப்பாள். அவள் கையால் தேறிப்போன எதுவும் இதுவரை தவறித் திறந்ததில்லை.

ஆனால் கணவனின் அண்ணன் சுப்பராயன் கப்பலில் வேலை பார்ப்பவர். முந்தின நாள்தான் விடுமுறையில் வந்திருந்தார். வழியில் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோய், ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகத்தில் வாங்கியிருந்தார். அங்கே இன்னும் அறிதோல் இல்லாத பழைய மாத்திரைதான். அதற்கு யார் வயிறும் ஒன்றுதான்.

இளவேனில் தோசை வேண்டாம் என்று போய்ப் படுத்தாள். சற்று நேரம் கழித்து மதிவதனி எழுப்பப் போனபோது சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண் பாதி திறந்தது, பேச்சு குழறியது. பிறகு கண்ணும் திறக்கவில்லை.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஃபரீதா இரத்தத்தைச் சோதித்ததும் குளுக்கோஸ் ஏற்றினாள். சர்க்கரை ஏறியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி சரிந்தது.

"ஏன் இறங்குதுன்னே தெரியலீங்க" என்றாள் ஃபரீதா. தலைமாட்டிலிருந்த நோயறி கருவியான உடற்கணிப்பான் எத்தனை முறை கேட்டாலும் ஒரே வரியைத்தான் காட்டியது: 'மருந்து நச்சு: வாய்ப்பில்லை.' இளவேனிலின் உடற்குறி பதியாத எந்த மாத்திரையும் அவளுக்குத் திறக்காது என்பதே அதற்குத் தெரிந்த உண்மை.

அப்போதுதான் மதிவதனிக்குத் தோசைக்கல் முன்னால் கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. "டாக்டர், மாத்திரை தின்னேன்னு பாப்பா எங்கிட்டச் சொன்னா. நான்தான்... ஒண்ணும் ஆகாதுன்னு உட்டுட்டேன்."

"யாரோட மாத்திரை?"

சுப்பராயன் வீட்டுக்குப் போய், தன் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஃபரீதா படிக்கும் காலத்தில் பெயர் மட்டும் கேட்டிருந்த மருந்து அது. மூத்த மருத்துவர் ஒருவரை அழைத்துக் கேட்டு, முறிக்கும் ஊசியைப் போட்டாள். சர்க்கரை மேலும் இறங்காமல் நின்றது. மறுநாள் இளவேனில் எழுந்து பால் கேட்டாள். சுப்பராயன் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

"அது கெட்ட மாத்திரைங்களாம்மா?"

"இல்ல சாமி. பெரியப்பாவுக்கு நல்லது. உனக்குத்தான் ஆகாது."

மாத்திரையில் அப்படி ஒரு வித்தியாசம் இருக்கும் என்பதே குழந்தைக்குப் புதிதாக இருந்தது. ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு மதிவதனி மகளின் பள்ளிக்குப் போனாள். வகுப்பில் மிட்டாயையும் மாத்திரையையும் கலந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினாள். ஒரு பிள்ளைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆசிரியைக்கும் தெரியவில்லை.

"வாயில போடறதுக்கு முன்னாடி பெரியவங்களைக் கேக்கோணும்" என்றாள். "இது யாருக்கு? எந்த நோவுக்கு? எவ்வளவு? பதில் தெரியாம விழுங்கக் கூடாது. கேட்டா யாரும் திட்ட மாட்டாங்க."

பிள்ளைகள் அதை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு கேட்டார்கள். மற்றப் பள்ளிகளும் மதிவதனியைக் கூப்பிட்டன.

ஆனால் சீக்கிரமே தலைமையாசிரியர் அழைத்தார். குரலில் சங்கடம். "பாடம் நல்லதுதானுங்க. ஆனா பெத்தவங்க கோவப்படறாங்க. புள்ளைக கேக்கற கேள்விக்கு என்ன சொல்றதுன்னு தெரியலையாம்."

மதிவதனிக்குப் புரியவில்லை. பிள்ளைகளுக்குப் பதில் சொல்வதில் என்ன கஷ்டம்?

மறுநாள் காலை பள்ளி வண்டி வரும் நேரம். இளவேனிலின் பெயருக்கே உடற்குறி பதித்த வெள்ளை மாத்திரையை, தண்ணீரோடு வழக்கம்போல நீட்டினாள். வகுப்பில் துறுதுறுவென்று எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்க வைக்கும் மாத்திரை. அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் போடுவதுதான். ஆலையில் மிக அதிகமாகத் தோல் பூசப்படுவதும் அதற்குத்தான். ஆபத்தில்லாதது என்று ஆன பிறகு, தேவைதானா என்று யாரும் யோசிக்கவில்லை.

இளவேனில் கையை நீட்டவில்லை. பயமில்லாமல், ஆசையோடு கேட்டாள்.

"இது எந்த நோவுக்குங்கம்மா?"

மதிவதனி தண்ணீரைக் கீழே வைத்தாள். "உனக்கு நோவு ஒண்ணும் இல்ல, கண்ணு."

குழந்தை மாத்திரையை உற்றுப் பார்த்தது.

"அப்ப இது யாருக்கு?"