இரும்புத் தும்பி நடந்து போனான்

இரும்புத் தும்பி முறைத்துப் பார்த்தால் மலை தூள்தூளாகிவிடும். தும்மினால் கடல் பத்தடி பின்வாங்கும். அவனுடைய இடது இறக்கை நெருப்பு, வலது இறக்கை பனி. வானத்திலிருந்து இடி விழுந்தால், அதைக் கையால் பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான்.

இத்தனை சக்தியையும் அவனுக்கு யார் கொடுத்தது என்கிறீர்களா? சிட்டுவும் வாண்டுவும்தான்.

சிட்டு அக்கா, ஐந்தாம் வகுப்பு. வாண்டு தம்பி, இப்போதுதான் முதல் வகுப்பு. ஆனால் தும்பியை உண்டாக்கியவள் அவர்களுடைய அம்மா. வாண்டு சாப்பிட அடம்பிடித்த காலத்தில், ஒரு வாய்க்கு ஒரு சண்டை என்று கதையில் தும்பியைப் பறக்கவிட்டு, தட்டைக் காலி செய்துவிடுவாள்.

இப்போது அம்மா கடல் தாண்டி ஓர் ஊரில் இருக்கிறாள். அங்கே பெரிய மருத்துவமனையில் நர்ஸ் வேலை. இரவெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் அறைக்குத் திரும்பியதும் அப்பாவின் கைப்பேசிக்குக் கூப்பிடுவாள். அப்போது ஒரு தும்பிக் கதை உண்டு.

அதற்கு ஒரு சட்டமும் உண்டு. வாரம் ஒரு புதிய சக்தியைப் பிள்ளைகள் தருவார்கள். அம்மா அதைக் கதையில் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். எல்லாச் சக்திகளும் பீரோவின் பக்கவாட்டில், சாக்பீஸால் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். புதிதாக வந்தது எத்தனையாவது இடம் என்று முடிவு செய்ய, சனிக்கிழமை மாலை முழுக்கச் சண்டை நடக்கும்.

"இடி பிடிக்கிறதுதான் மூணாவது!" என்பான் வாண்டு.

"போடா. நேரத்தையே நிறுத்துறவனுக்கு இடியெல்லாம் ஒரு விஷயமா? விழறதுக்கு முன்னாடியே நிறுத்திடுவான்."

"நிறுத்தினா இடி நடுவுல தொங்குமே! அதை யார் எடுத்து வைக்கிறது?"

சிட்டு யோசிப்பாள். நியாயமான கேள்விதான்.

அப்பா பேருந்து ஓட்டுநர். மறுநாள் போட வேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "சட்டை தேய்க்கிற சக்தி ஒண்ணு குடுத்து இங்க அனுப்பி வைங்களேன், புண்ணியமாப் போகும்" என்பார்.

"அதெல்லாம் கடைசி இடம்பா!" என்று இருவரும் ஒரே குரலில் கத்துவார்கள்.

எந்த இடத்துக்குச் சண்டை வந்தாலும், முதல் இடத்துக்கு மட்டும் வந்ததே இல்லை. அது வாண்டு கொடுத்த சக்தி. அம்மா அந்த ஊருக்குக் கிளம்பிய வாரத்தில், எழுத்துக் கூட்டிக் கூட்டி அவனே எழுதியது: 'கண்ணை மூடித் திறப்பதற்குள் யாரையும் எங்கிருந்தும் கொண்டு வருவது.'

சிட்டு அதை ஒரு நாளும் கீழே இறக்கச் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டபோது, இருவரும் கைப்பேசிக்கு இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு காதாக ஒட்டிக்கொண்டார்கள்.

"ஒரு ஊர்ல ஒரு அரக்கன் வந்தான்" என்றாள் அம்மா. "வாயைத் திறந்தான். தும்பி ஒரு பார்வை பார்த்தான். அரக்கன் காலி. கதை முடிஞ்சுது."

"அவ்ளோதானா?" என்றான் வாண்டு.

"நான் என்னடா பண்றது? நீங்க குடுத்த சக்தி அப்படி. அவன் முன்னாடி எவன் நிப்பான்?"

அம்மா சிரித்தாள். சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கொட்டாவியும் வந்தது.

பிறகு கொஞ்சம் தயங்கி, "தங்கம், இந்த லீவுக்கு அம்மாவால வர முடியலடா. கூட வேலை செய்யற அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கு. அவங்க வேலையையும் நான்தான் பார்க்கணும். அவங்க திரும்பி வந்ததும் நான் கிளம்பிடுவேன்" என்றாள்.

சிட்டு கைப்பேசியிலிருந்து காதை எடுத்துவிட்டாள். வாண்டு மட்டும் கலங்கவே இல்லை.

"அப்போ தும்பியை வரச் சொல்லும்மா. முதல் சக்தி இருக்குல்ல? நீ கண்ணை மூடிட்டுத் திற. நானும் மூடிக்கறேன்."

"மூடிட்டேன் கண்ணு" என்று மெல்லிய குரல் வந்தது.

வாண்டு கண்களை இறுக்க மூடினான். மூக்கு சுருங்கும் அளவுக்கு மூடினான். திறந்தான்.

எதிரே பீரோ இருந்தது. கொடியில் அப்பாவின் சட்டை தொங்கியது. வேறு யாரும் இல்லை.

"நீ வரல" என்றான்.

"அது கதைக்குள்ளதானேடா, தங்கம்..."

"பொய்! தும்பி பொய். நீயும் பொய்!"

கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டவன், சோறு ஆறிப்போகும்வரை வெளியே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டதும் அவன் மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். அப்பா கெஞ்சிப் பார்த்தார். கைப்பேசியைக் கட்டிலுக்கு அடியில் நீட்டியும் பார்த்தார். வாண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"விடுங்க. அவனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அம்மா. அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. அன்று கதை இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அந்த வாரம் சிட்டுவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. காலையில் அப்பா அவளுக்குச் சடை பின்னிவிடும்போது, பேருந்தின் கூரையில் மூட்டை கட்டுவதுபோல் இழுத்துக் கட்டுவார். "வலிக்குதா?" என்றும் கேட்பார். "இல்லப்பா" என்பாள். அம்மா பின்னினால் பின்னுவதே தெரியாது. சடை முடியும்போது ஒரு கதையும் முடிந்திருக்கும்.

அப்பா சீப்பை எடுக்கும்போதெல்லாம், அவள் மனதுக்குள் தனக்குத் தானே தும்பிக் கதை சொல்லிப் பார்த்தாள். அரக்கன் வந்தான். தும்பி பார்த்தான். முடிந்தது. இன்னொரு கதை. பூதம் வந்தது. தும்பி தும்மினான். முடிந்தது. எந்தக் கதையும் ஒரு பின்னல் தூரம்கூட வரவில்லை.

முன்பெல்லாம் கதை இவ்வளவு குட்டியாக இருந்ததில்லையே? தும்பி வழி தெரியாமல் சுற்றுவான். மழையில் நனைவான். பசியில் கொய்யா மரம் ஏறிக் கீழே விழுவான்.

அவள் சட்டென்று திரும்பினாள். அப்பாவின் கையிலிருந்து சடை நழுவிப் போனது.

"அப்பா, நாங்கதான்பா கெடுத்துட்டோம்!"

"எதைம்மா?"

"கதையை! அம்மாகிட்ட நிறையக் கதை கேக்கணும்னுதான் சக்தி சக்தியாக் குடுத்தோம். குடுக்கக் குடுக்கக் கதை குட்டியாப் போச்சு!"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் புரிந்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மாலை சிட்டு ஓர் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு பீரோ முன்னால் நின்றாள். கண்ணை மூடி, "சாமி, கூட இரு" என்று வேண்டிக்கொண்டாள். பிறகு துடைக்கத் தொடங்கினாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"என்ன பண்றே?"

"தும்பியோட சக்தியை எல்லாம் கழட்டறேன்."

"எதுக்கு?"

"பாவம்டா அந்த அரக்கன். அவ்ளோ தூரத்துல இருந்து வர்றான். தன் பேரைக்கூடச் சொல்லி முடிக்கல, அதுக்குள்ள காலி."

வாண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. கோபமாக இருக்க வேண்டும் என்று நினைவு வரவே, உதட்டைக் கடித்துக்கொண்டான். ஆனால் சிட்டுவின் கை பனி இறக்கைப் பக்கம் போனதும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"முதல்ல அதை ஏன் கழட்டறே? முறைக்கிறதைக் கழட்டு. அதுதான் மோசம்."

"தும்மறதுதான் மோசம். கடலே ஓடிப்போகுது."

"தும்மறது சளி பிடிச்சாதான் வரும்! முறைக்கிறது எப்பவும் இருக்கே!"

ஏற்றும்போது நடந்ததைவிட இறக்கும்போது சண்டை பெரிதாக நடந்தது. எது மிக மோசமான சக்தி, எது அதற்கு அடுத்த மோசம் என்று வாதாடி வாதாடி, ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள். இடி போனது. நெருப்பு போனது. நேரத்தை நிறுத்துவதும் போனது.

கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. சிட்டு துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதை நான் தொட மாட்டேன். இது உன்னுது."

வாண்டு அந்த வரியையே பார்த்தான்.

"அது வேலை செய்யலக்கா."

"ம்."

"வேலை செய்யாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் முதல் இடம் குடுத்தே?"

சிட்டு ஈரத் துணியை எடுத்து, அதன் ஓரத்தை முறுக்கினாள்.

"எனக்கும் அதுதான்டா பிடிச்சிருந்துது."

வாண்டு அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அக்கா பெரியவள், அவளுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். பக்கத்தில் வந்து, அவள் தோளோடு ஒட்டி நின்றான். பிறகு முழங்கையில் எச்சில் தொட்டு அந்த வரியைத் தானே அழித்தான்.

"சீ! துணி இருக்குல்லடா?"

"இது என்னுது. நான் எப்படி வேணா அழிப்பேன்." முழங்கையைச் சட்டையில் துடைத்தபடி கேட்டான்: "இப்போ தும்பிகிட்ட என்னதான் இருக்கு?"

"ரெண்டு காலு."

"அம்மாகிட்ட எப்படிப் போவான்?"

"நடந்துதான்."

"நடுவுல கடல் வருமே?"

"யாரையாவது கேட்டுத்தான் போகணும். நாளைக்கு அம்மாகிட்ட நீயே சொல்லேன்."

"நானா? அம்மாதானே கதை சொல்லணும்?"

"அம்மா ராத்திரி பூரா நின்னுக்கிட்டே வேலை பார்த்துட்டு வர்றாங்க. இந்த ஒரு தடவை நாம சொல்லுவோமே."

அன்று இரவு படுத்த பிறகும் வாண்டுவின் வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் கைப்பேசி அடித்தபோது அப்பா வெளியே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். சிட்டுதான் எடுத்தாள்.

"அம்மா, வாண்டு பேசணுமாம்."

அந்தப் பக்கம் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, நீ பேசாத. படுத்துக்கோ" என்றான் வாண்டு. "நான்தான் கதை சொல்லப் போறேன். தும்பிக்கு இப்போ ஒரு சக்தியும் இல்ல. எல்லாத்தையும் கழட்டிட்டோம். அவன் உன்னைப் பார்க்க நடந்து வர்றான்."

"நடந்தேவா?"

"ஆமா. செருப்பு கடிச்சிடுச்சு. ஒரு நாய் வேற துரத்திச்சு. ஓடினதுல செருப்பு அறுந்து போச்சு. அப்புறம் ஒரு செருப்புத் தைக்கிறவர்கிட்ட போனான். அவர் தைச்சுக் குடுத்துட்டு, 'எங்கப்பா இவ்ளோ தூரம்?'னு கேட்டார். 'எங்க அம்மாவைப் பார்க்க'ன்னான்."

"தும்பிக்கும் அம்மா இருக்காங்களா?"

"பேசாதன்னு சொன்னேன்ல!"

"சரி, சரி. சொல்லுடா."

தும்பி நடந்தான். வெயிலில் நடந்தான். ஒரு லாரிக்காரர் கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டார். கடற்கரையில் ஒரு படகுக்காரர், "நீயும் துடுப்பு போட்டா கூட்டிட்டுப் போறேன்" என்றார். போட்டுப் போட்டு அவன் கையில் கொப்புளம் வந்துவிட்டது.

"ம்" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு "ம்". பிறகு வெகு நேரம் கழித்து, பாதி "ம்".

அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா?" என்றான் வாண்டு.

சிட்டு உதட்டில் விரலை வைத்தாள். கைப்பேசியைத் தலையணைமேல் வைத்து, இருவரும் குனிந்து கேட்டார்கள். மூச்சு வந்தது. போனது. மறுபடி வந்தது.

வாண்டுவின் முகம் வாடியது. "கதை நல்லா இல்லையா?" என்று காதோடு கேட்டான்.

"நல்லா இருக்கப் போயிதான் தூங்கறாங்க. நீ தூங்கினா அம்மா பாதியில நிறுத்துவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்போ சொல்லு. மெதுவா."

வாண்டு தலையணைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, காற்று மாதிரிக் குரலில் சொன்னான். படகு கரை சேர்ந்தது. தும்பி அந்த ஊருக்குள் போனான். தெருத்தெருவாக விசாரித்தான். மாடிப்படி ஏறி, அம்மாவின் அறையைக் கண்டுபிடித்துவிட்டான்.

"கதவைத் தட்டுவானா?" என்று கேட்டாள் சிட்டு.

வாண்டு கைப்பேசியையே பார்த்தபடி வெகு நேரம் யோசித்தான்.

"மாட்டான். வாசல்லயே உக்காந்திருப்பான். அம்மா எழுந்து வர்ற வரைக்கும்."

அப்போது அப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு, கதவைக் காலால் தள்ளியபடி உள்ளே வந்தார். "என்னப்பா, பேசி முடிச்..."

"ஷ்ஷ்!" வாண்டு அவரை முறைத்தான். "அம்மா தூங்கறாங்க."

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். தண்ணீர் தளும்பாமல், சத்தமே இல்லாமல் குடத்தை இறக்கி வைத்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவரும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் மூச்சு வந்து வந்து போயிற்று. அதை விட்டு மூன்று பேரும் நகரவில்லை.