முன்னால் வரும் காலடி

உருளைக்கிழங்கு வெந்து, தோல் வெடித்து, கடைசியில் தண்ணீரோடு கரைந்து கூழாகியும் ஐலிஃப் வரவில்லை. குன்வோருக்கு அது விசித்திரமாக இருந்தது. கணவன் தாமதமாக வருவது அவளுக்குப் புதிதில்லை. ஹெவி மெட்டல் பாடகனைக் கட்டிக்கொண்டவள் அதையெல்லாம் கணக்கு வைக்க முடியாது. ஆனால் அவனுடைய வார்டேகர் வந்து போயிருந்தது. அது வந்த பிறகு ஆள் வராமல் இருந்ததே இல்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் அது உண்டு. ஒரு மனிதன் வீடு திரும்பும் முன்பே அவனுடைய ஓசை திரும்பிவிடும். சரளைக்கல் பாதையில் அவன் நடை, வாசற்படியில் பூட்ஸைத் தட்டும் சத்தம், கதவுப்பிடி இறங்கி ஏறுவது எல்லாம் கேட்கும். எட்டிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே ஓசைகளோடு ஆளே வருவான். பேய் என்று யாரும் சொல்வதில்லை. மழைக்கு முன் மண்வாசனை வருவதுபோல அது. வார்டேகர் கேட்டதும் பெண்கள் உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பார்கள். ஆள் வந்து கை கழுவும்போது வெந்திருக்கும். ஐலிஃபுடையது இடது பூட்ஸுக்கு ஒரு தட்டு, வலதுக்கு இரண்டு, ஒரு செருமல், பிறகு கதவுப்பிடி. கல்யாணமான புதிதில் குன்வோர் ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். வெறும் இருட்டு நிற்கும். மாமியார் அடுப்படியிலிருந்து சிரிப்பாள். பிறகு குன்வோர் எழுந்து போவதையே விட்டுவிட்டாள்.

அன்று குளிர்காலத்தின் முதல் இரவு. ஐலிஃப் மேட்டில் உட்காரப் போயிருந்தான்.

வயலுக்கு அப்பால், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஃபியோர்டைப் பார்த்த சரிவில் இருந்தது அந்தப் புதைமேடு. யாரோ ஒரு பழைய தலைவனைப் படகோடு வைத்து மூடியது என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை வீட்டில் காய்ச்சிய பீரில் முதல் குவளையை அதன் தலையில் ஊற்றிவிட்டுத்தான் மற்றவர்கள் குடிப்பார்கள். ஐலிஃபின் குழு முப்பது வருடமாக அந்தக் காலத்தைத்தான் பாடிக்கொண்டிருந்தது: மரத்தில் தொங்கிய பழைய தெய்வம் ஓடின், சூரியனை விழுங்கும் ஓநாய், பனிமூட்டத்தில் துடுப்புப் போடும் செத்தவர்கள். அடித்தொண்டையிலிருந்து உறுமி உறுமி அவன் குரல்வளையில் முடிச்சு விழுந்துவிட்டது. வசந்தம் வரும்வரை கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்றார் பெர்கன் நகரத்து மருத்துவர். அதற்குப் பிறகும் குரல் வருமா என்பதை அவர் சொல்லவில்லை. ஆல்பத்துக்கு வாத்தியங்களைப் பதிந்தாகிவிட்டது, அவன் குரல் மட்டும்தான் பாக்கி. எல்லோரும் காத்திருந்தார்கள். ஐலிஃப் கோடை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் ஊமையாக உட்கார்ந்து சுவரைப் பார்த்தான்.

குளிர்காலத்தின் முதல் இரவில், வாயைத் திறக்காமல், யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல், சூரியன் வரும்வரை மேட்டில் உட்கார்ந்தால் இல்லாதது கிடைக்கும் என்று ஒரு பழைய பேச்சு. உட்காரப் போகிறேன் என்று அவன் போனில் தட்டி நீட்டியபோது டிரம்ஸ் வாசிக்கும் ஸ்வைனுங் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"ஓடின் ஒரு கண்ணக் குடுத்து அறிவ வாங்கினான். நீ என்னடா குடுக்கப்போற, தொப்பையவா?"

குன்வோர் தடுக்கவில்லை. முதியோர் இல்லத்தில் நாள் முழுவதும் கனத்த உடல்களைப் புரட்டிப் போட்டதில் அவள் தோள் வலித்தது. ஒரு மாலையாவது அந்த மௌனம் எதிரே உட்காராமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். நம்பிக்கை, நம்பிக்கையின்மை இரண்டுக்கும் தெம்பு வேண்டும்.

அன்றிரவு பின்னறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டிரம்ஸ் பதிவைச் சீர்செய்துகொண்டிருந்தாள். குழுவின் ஒலிப்பதிவு வேலை ஆரம்பத்திலிருந்தே அவளுடையது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ஹெட்போனைக் கழற்றியபோது கேட்டது. சரளைக்கல், நடை கொஞ்சம் வேகம். இடது ஒன்று, வலது இரண்டு. கதவுப்பிடி. மறுபடி கதவுப்பிடி. குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது, பாதியில் எழுந்துவிட்டான், இன்னும் கொஞ்ச நேரத்தில் வருவான் என்று நினைத்தாள். உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தாள். ஃபியோர்டுக் காற்றுக்காகக் கதவின் உட்கொக்கியைப் போட்டிருந்தாள். நிஜமாக வரும்போது எடுத்துக்கொள்ளலாம். மறுபடி ஹெட்போனை மாட்டினாள். கடைசிப் போர் பற்றிய பாட்டு அது. ஸ்வைனுங் அடியில் அங்கங்கே தாளம் பிசகியிருந்தது. சம்பந்தமில்லாத இடங்களில் கனமான இடிகள், ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு. குடித்துவிட்டு அடித்திருக்கிறான் என்று அலுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் தாளம் சரியாகிவிட்டது.

காலையில் கொக்கியை எடுத்து விறகு கொண்டுவரப் போனாள். திரும்பி வந்தபோது ஐலிஃப் மேசையில் உட்கார்ந்திருந்தான். சரளையில் சத்தம் கேட்கவில்லை. படியில் தட்டு கேட்கவில்லை. அவனுக்கு முன்னால் எதுவும் வந்திருக்கவில்லை.

"காப்பி இருக்கா?" என்றான்.

கல்யாணத்தின்போது இருந்த குரல். விறகை அப்படியே போட்டுவிட்டு அவன் தோளில் முகம் புதைத்து அழுதாள். அவன் சட்டையில் ஈரமண் வாசனை. மேட்டில் உட்கார்ந்தவன்மேல் வேறென்ன வாசனை வரும்.

களஞ்சியத்தை மாற்றிக் கட்டிய பதிவறையில் அவன் பாட ஆரம்பித்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற ஸ்வைனுங்குக்கு வாய் மூடவில்லை. மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பாடட்டும் என்று குன்வோர் சொன்னதை இருவருமே காதில் வாங்கவில்லை. "மூச்சே விடாம கத்துறானே. இவனுக்கு இருக்கறது நுரையீரலா, பீப்பாயா?" என்றான் ஸ்வைனுங். குன்வோரும் சிரித்தாள்.

அவன் பாடி முடித்த அன்று மாலைதான் அவள் வேலை தொடங்கியது. பாடகனின் வரிகளுக்கு நடுவே மூச்சு இருக்கும். கரகரவென்று இழுப்பது, முடிவில் விடுவது. பாட்டில் அது உறுத்தும். வெட்டி எடுத்துவிட வேண்டும். எத்தனையோ வருடமாக ஐலிஃபின் மூச்சுகளை வெட்டியிருக்கிறாள். வெட்டியதை எறிய மனம் வராது. தனியாக ஒரு தடத்தில் சேர்த்து வைப்பாள். எப்போதாவது அதை மட்டும் ஓடவிட்டால், பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல், இருட்டில் பக்கத்தில் ஒருவன் உயிரோடு இருப்பது மட்டும் கேட்கும்.

புதிய பதிவில் வெட்டுவதற்கு எதுவுமில்லை. வரி, நிசப்தம், வரி. முழு ஆல்பமும் அப்படித்தான். ஒலியைக் கூட்டிப் பார்த்தாள். இன்னும் கூட்டினாள். நாற்காலியின் கிரீச்சொலி கேட்டது, கம்பியின் மின் இரைச்சல் கேட்டது. அவ்வளவுதான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். வீடு வேறு இதமாக இருந்தது. ஐலிஃப் பாத்திரம் கழுவினான். குறட்டை விடவில்லை. சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான், அவள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வந்தால் அவள் காலைப் பிடித்துவிட்டான். அவன் கை சில்லென்று வீக்கத்துக்கு இதமாக இருந்தது. இதற்கு முன் அவன் அப்படியெல்லாம் செய்ததில்லை என்பதை அவள் நினைக்காமல் இருக்கப் பழகினாள். களைத்தவளுக்கு அது கடினமில்லை.

நவம்பரில் பனி விழுந்து சரளைப் பாதையை மூடியது. மதியம் தாண்டியதுமே இருட்டிவிடும். அப்படி ஒரு சாயங்காலம் அவர்கள் மேசையில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் காலடி கேட்டது. பனியில் பதியும் காலடி இல்லை அது. சரளைக்கல் நொறுங்கியது. இடது ஒரு தட்டு. வலது இரண்டு. அவள் கை பழக்கத்தில் உருளைக்கிழங்குக் கூடைக்குப் போய்விட்டது. கூடையில் கை இருக்கும்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

ஐலிஃப் எதிரே உட்கார்ந்து ரொட்டியில் பாலாடைக்கட்டி சீவிக்கொண்டிருந்தான்.

கதவுப்பிடி இறங்கியது. ஏறியது. ஐலிஃப் தலையைத் திருப்பவில்லை. சீவுவதை மட்டும் நிறுத்தியிருந்தான். ஓசை அடங்கியதும் மறுபடி சீவினான்.

அதன் பிறகு அநேகமாக எல்லாச் சாயங்காலமும் வந்தது. வார்டேகருக்குக் கதவு திறக்கும் வழக்கமில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். தட்டு வரவரத் தளர்ந்தது. காலைத் தூக்கமாட்டாமல் தூக்குபவனுடைய தட்டு. அந்த நேரத்தில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். பாட்டில் ஐலிஃபின் குரல் மலையே வாய் திறந்ததுபோல இருந்தது. அதற்குள் வேறெதுவும் கேட்காது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் ஸ்வைனுங்கைப் போனில் கூப்பிட்டாள். ஆல்பத்தை அனுப்ப வேண்டும். டிரம்ஸில் அந்த ஒரு பாட்டு பாக்கி. "கடைசிப் போர்ல என்னத்தக் குடிச்சுட்டு அடிச்ச? எல்லா எடத்துலயும் தாறுமாறா இடிச்சு வெச்சிருக்க" என்றாள்.

"நானா? அந்தப் பாட்டுல ஒரு அடி பிசகல தாயே. இன்னொரு தடவ கேளு. பெறகு மன்னிப்பு கேளு."

கேட்டாள். பிசகவில்லை. முதலிலிருந்து கேட்டாள். அடிகள் ஆணி அடித்ததுபோல அதனதன் இடத்தில் இருந்தன. அந்த இடிகள் இல்லை. பதிவில் எப்போதுமே இருந்ததில்லை.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த முதல் இரவில் வந்தது வார்டேகர் இல்லை. ஆளே வந்திருக்கிறான். மேட்டில் எதையோ பார்த்துவிட்டு ஓடி வந்து, பூட்டிய கதவை இரண்டு கையாலும் இடித்திருக்கிறான். கூப்பிடக் குரல் இல்லை. அவள் காதில் அவனுடைய இசை. அடுப்பில் அவனுக்கான உருளைக்கிழங்கு.

அடுப்படிக்கு வந்தாள். ஜன்னலில் இருட்டு இறங்கியிருந்தது. மேசையில் பீர் குவளை நிரம்பி நின்றது. ஐலிஃப் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மேட்டுக்குப் போகலையா?" என்றாள். அவளுக்கே தன் குரல் எங்கிருந்தோ கேட்டது.

"எதுக்கு?" குவளையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். தொண்டை அசையவில்லை. "இப்ப அங்க யாரு இருக்கா, ஊத்துறதுக்கு?"

அப்போது சரளை நொறுங்கியது.

ஒரு காலடி. நெடுநேரம் கழித்து இன்னொன்று. இடது தட்டு. வலதில் ஒன்றுதான். இரண்டாவது வரவில்லை.

குன்வோர் நடந்தாள். நடைவழி நீளமாக இருந்தது. கதவின் மேல்பாதியில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதற்கு அப்பால் பனி, இருட்டு. ஆள் இல்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம், ஐலிஃபின் வாய் உயரத்தில், வட்டமாக ஆவி படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது. கொஞ்சம் சிறியதாக.

கதவில் காதை வைத்தாள். கரகரவென்று இழுப்பு. முடிவில் விடுவது. வருடக்கணக்காக வெட்டி வெட்டிச் சேர்த்த மூச்சு. எந்த மூச்சு எந்த வரிக்கு முன்னால் வரும் என்றுகூட அவளுக்குத் தெரியும்.

கை கொக்கிக்குப் போனது.

பின்னால் நடை கேட்கவில்லை. சில்லென்ற கை மட்டும் அவள் கைமேல் வந்து படிந்தது. ஈரமண் வாசனை. அவள் கன்னத்தை ஒட்டி, அந்த அழகான குரல்.

"விடு குன்வோர். குளிர் உள்ள வந்துடும். நீ ரொம்பக் களச்சிருக்க."

கை அழுத்தவில்லை. பிடிக்கவும் இல்லை. சும்மா இருந்தது. ஒரு விரலைத் தூக்கினால் கொக்கி வந்துவிடும். அவள் விரல் தூக்கவில்லை. தோள் வலித்தது. திறந்தால் வெளியே நிற்பதைத் தூக்க வேண்டும், படுக்க வைக்க வேண்டும், உள்ளே நிற்பதிடம் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் என்று நினைத்தாள். ஒரே நிமிடம் இப்படி நிற்கலாம்.

வெளியே ஆவி காசளவாகச் சுருங்கியது. பிறகு பொட்டளவு. பிறகு வெறும் கண்ணாடி.

இந்தப் பக்கம் இரண்டு முகங்கள் கண்ணாடியை ஒட்டி நின்றன. ஒன்றின் முன்னால் ஆவி படர்ந்து படர்ந்து மறைந்தது. பக்கத்து வாய் லேசாகத் திறந்தே இருந்தது. அதன் முன்னால் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.