தரை நிலையம் அழைக்கிறது

"வாஷிங் மெஷினோட கதவு எங்கடி?"

விடிந்து டீ கூட இறக்கவில்லை. அதற்குள் மாமியார் சோனுனின் குரல் முற்றத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டது. ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் காற்று சும்மாவே ஊளையிடும். அந்தக் காற்றையே அடக்கும் தொண்டை அந்த அம்மாளுக்கு!

தகரப் பீப்பாயில் மீனைப் புகை போடுவதற்காகக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்த மருமகள் அனாரா, கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். மெஷின் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளே போட்ட போர்வைகள் வெளியே எட்டிப் பார்த்தன.

"கதவுக்குக் கால் மொளச்சிடுச்சா? இந்த வீட்ல ஒண்ணொண்ணா வெளிய போகுது. மொதல்ல என் பிள்ள போனான். இப்ப கதவு போகுது! கட்டினவனையே கட்டிக் காக்கத் தெரியாதவ, கதவையா காக்கப்போறா..."

எதை ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து முடியும். சூப்பில் உப்பு கூடினாலும் சரி, ஆடு மெலிந்தாலும் சரி, ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன மூத்த மகன் அசில்பெக் திரும்பி வராததில் வந்து நிற்கும். அதற்குக் காரணம் மருமகள் என்பதில் வந்து முடியும்.

"நான்தான் அத்தை கழட்டச் சொன்னேன். ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு..."

"பொய் சொல்றப்ப உனக்குக் காது செவக்கும்டி. தெரியுமா?"

அனாரா காதை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். அப்போது பக்கத்து அறைக் கதவு திறந்தது. வட்டக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்தான் இளையவன் குபாத். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிற, முப்பது வயது ஆண்பிள்ளை!

"அம்மா, இது கதவு இல்ல. விண்கலத்தோட ஜன்னல். படம் முடிஞ்சதும் திருப்பி மாட்டிடறேன்."

"உன் வயசுல உங்கப்பாவுக்கு ரெண்டு பிள்ள! நீ ஜன்னல் வழியா என்னத்தடா பாக்கப்போற?"

"அண்ணனைப் பாக்கப்போறேன்" என்றான் அவன், சிரிக்காமல்.

சோனுன் வெளியே வந்த போர்வைகளை மெஷினுக்குள் திணித்தாள். அனாரா மீனைக் கோக்கப் போய்விட்டாள்.

அந்த விண்கலத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. அசில்பெக் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது டிவியில் ஒரு தொடர் வந்தது. சிவப்பு நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கேப்டன் தொலைந்துபோகிறான். பூமியில் ஒருத்தி வானொலிக் கருவி முன் உட்கார்ந்து, "தரை நிலையம் அழைக்கிறது, கேட்கிறதா?" என்று வாரா வாரம் கூப்பிடுகிறாள். அதற்குள், ரஷ்யாவோடு ஒன்றாக இருந்த தேசமே உடைந்துபோயிற்று. தொடரின் கடைசிப் பகுதியை யாரும் காட்டவே இல்லை. பிறகு பழைய கேசட்டுகளில் அதைத் தம்பிக்குப் போட்டுக் காட்டிய அசில்பெக், முடிவைத் தானே கட்டிச் சொல்வான். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வான். ஆனால் எந்தக் கதையிலும் கேப்டன் கடைசியில் நம் ஏரியில்தான் வந்து இறங்குவான். புதுப்பெண்ணாக வந்திருந்த அனாரா, டீ ஊற்றுகிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்து கேட்பாள். கதையையா கேட்டாள்? சொல்கிறவன் குரலைக் கேட்டாள்!

இப்போது அந்தக் கடைசிப் பகுதியைக் குபாத்தே எடுக்கப்போகிறான். கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிற நண்பன் மேதர்தான் ஒளிப்பதிவாளர். அன்று மத்தியானம் விரிப்பில் ரொட்டியும் ஜாமும் பரப்பி, திட்டம் போட உட்கார்ந்தார்கள்.

"முட்டை அட்டைக்கு வெள்ளிப் பெயின்ட் அடிச்சா சுவர். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், தலைக்கவசம்" என்றான் குபாத். "அண்ணியோட மீன் பீப்பாய்தான் கலம் இறங்கறப்ப வர்ற புகை."

"அப்ப விண்வெளி பூரா மீன் வாசம் அடிக்குமேடா!" என்றான் மேதர். "நான் வேணா கேப்டனைச் சுத்தி ரெண்டு இதயம் பறக்க விடறேன். கல்யாண வீடியோல எல்லாரும் கேப்பாங்க."

"இதயம் வெச்சே, கேமராவோட உன்னை ஏரில தள்ளுவேன்."

அனாரா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆயிற்று. குபாத் ஒரு தாளை அவள் கையில் கொடுத்தான். "தரை நிலையம் நீங்கதான், அண்ணி. வேற யாரும் இல்ல. படிங்க."

"நானா? போடா கடைக்குட்டி! மீன்காரியையா சினிமால போடுவே?" என்று சொன்னாலும் தாளைப் பிரித்துவிட்டாள். "தரை நிலையம் அழைக்கிறது. தரை நிலையம் அழைக்கிறது. அ..."

நின்றுவிட்டாள்.

கேப்டனுக்கு அசில்பெக் என்று பேர் வைத்திருந்தான் பாவி! கதை சொல்கிற நமக்கு அந்தப் பேரைச் சொல்லத் தடையில்லை. அனாராவுக்கு உண்டு. புருஷன் பேரையோ, புருஷன் வீட்டு ஆண்கள் பேரையோ மருமகள் வாய் சொல்லக்கூடாது. பத்து வயதில் அவள் கையில் வந்த குபாத்தைக்கூட, காய்ச்சலில் மடியில் போட்டுக் காத்த குபாத்தைக்கூட, இருபது வருஷமாகக் 'கடைக்குட்டி' என்றுதான் கூப்பிடுகிறாள்.

"ம்... தரை நிலையம் அழைக்கிறது... வீட்டுக்காரரே, கேக்குதா?"

மேதர் உருண்டு உருண்டு சிரித்தான். "விண்வெளியில எத்தனை வீட்டுக்காரர் இருக்காங்களோ! எவர் திரும்பிப் பாப்பார் அண்ணி?"

"அவ சொன்னதுதான் சரி" என்றாள் சோனுன், டீத் தண்ணீர் கொதிக்கும் சமோவார் பக்கத்திலிருந்து. அதோடு விட்டாளா? "எப்படிக் கூப்பிட்டா என்ன! கூப்பிட வேண்டிய காலத்துல பிரியமா ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா, என் பிள்ள அந்தக் குளிர் தேசத்துல கெடப்பானா?"

குபாத் மெதுவாகச் சொன்னான்: "அதுக்குத்தாம்மா இந்தப் படமே. இணையத்துல போட்டா அண்ணன் கண்டிப்பாப் பாப்பான். அந்தத் தொடர் பேரைப் பாத்ததும் திறப்பான். அண்ணி குரல் கேட்டா... வந்துடுவாம்மா. எனக்குத் தெரியும்."

அனாரா தாளை நாலாக மடித்தாள். ஐயோ கடைக்குட்டி... உனக்கு ஒன்றும் தெரியாதடா!

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம். நெடுஞ்சாலை ஓரத்தில் அவள் மீன் விற்றுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "என்னை எதிர்பாக்காதே அனாரா. இங்க ஒருத்தி... ஒரு பிள்ளையும் பொறந்துடுச்சு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. தாங்க மாட்டாங்க." அதற்குள் ஒரு கார் வந்து நின்றது. அவள் மீனைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். போய்வாருங்கள் என்று சிரித்துக்கூடச் சொன்னாள். அப்புறம்தான் மீன் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

சொல்லவில்லை. மாமியாரின் மூட்டு வலிக்கு மருந்து வாங்கினால், 'உங்க பிள்ள அனுப்பினார்' என்பாள். குளிருக்கு மேலங்கி வாங்கினால், அதுவும் அவன் அனுப்பியது. தலைநகர் பிஷ்கெக்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற அக்கா, 'என்கிட்ட வந்துடுடி, நீயும் மனுஷிதானே' என்று அழைத்தபோதெல்லாம் மறுத்துவிட்டாள். பழியை மட்டும் மறுக்கவில்லை. கிழவி மகனை வெறுப்பதைவிடத் தன்னை வெறுத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இவ்வளவு தெரிந்த பிறகும், சாயங்காலம் சாலையில் ஒரு டாக்சி வேகம் குறைந்தால் அவள் கை நின்றுவிடும். வண்டி கடந்துபோன பிறகுதான் கை மறுபடி மீனைத் தொடும். மனசு கேட்டால்தானே!

"கஷ்டமா இருந்தா விடுங்க அண்ணி" என்றான் குபாத். "மேதரோட தங்கச்சி நல்லாப் பேசுவா. முகம் உங்களுது, குரல் அவளுது. அவ பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும்."

"வேண்டாம்!" அவ்வளவு சத்தமாகச் சொல்வாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அந்தப் பேரை இன்னொருத்தி சொல்லிக் கூப்பிடுவதா? ஒருத்தி அங்கே கூப்பிட்டுக்கொண்டிருப்பது போதாதா! "நானே சொல்றேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள பழகிக்கறேன்."

சோனுன் கிண்ணத்தை ஓசையோடு கீழே வைத்தாள். "என்னத்தடி பழகப்போற?"

அனாரா தாளை எடுத்துக்கொண்டு மீன் பக்கம் போனாள்.

பழகத்தான் செய்தாள். காலையில் மீனைத் தொங்கவிடும்போது, யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, பீப்பாய்க்குள் தலையைக் குனிந்து சொன்னாள். "அசில்பெக்..." பீப்பாய் அதையே கனத்த குரலில் திருப்பிச் சொன்னது. இருபது வருஷம் புருஷனாக இருந்தவனின் பேர், வாயில் இப்படியா இருக்கும்? இவ்வளவு இதமாகவா? இதைச் சொல்லாமலேயே தொலைத்துவிட்டேனே... கண்ணில் வழிந்ததற்குப் பழியைப் புகையின்மேல் போட்டுவிட்டு மூடியைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அடுக்களை தரை நிலையமாயிற்று. வெள்ளி அட்டைச் சுவர். நடுவில் வாஷிங் மெஷின் கதவு. பழைய ரேடியோவில் சிவப்பு விளக்கு. குபாத்தின் பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டி அனாரா உட்கார்ந்தாள். சோனுன் கோபித்துக்கொண்டு ஆட்டுக்குப் புல் போடப் போயிருந்தாள்.

"எதையும் நெனைக்காதீங்க அண்ணி. அண்ணன் அந்தப் பக்கம் கேக்கறான்னு மட்டும் நெனச்சுக்குங்க" என்றான் குபாத்.

மேதர் கையைக் காட்டினான்.

"தரை நிலையம் அழைக்கிறது. தரை நிலையம் அழைக்கிறது." கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. எத்தனை நரை! "அசில்பெக்... கேக்குதா? அசில்பெக்..."

அவ்வளவுதான் தாளில் இருந்தது. 'திரும்பி வா' என்பது அடுத்த வரி. அது வரவில்லை. பேர் வந்த வழியில் வேறு எல்லாம் வந்துவிட்டது.

"அசில்பெக், நீங்க வரமாட்டீங்க. எனக்குத் தெரியும். உங்க பிள்ள இப்ப ஓடி விளையாடும். அந்த ஊர்க் குளிர்ல கம்பளித் தொப்பி போடச் சொல்லுங்க... நான் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் காது குடுத்துக் காது குடுத்து ஓஞ்சுட்டேன். ஒரு தடவ உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்னு ஆசை. கூப்பிட்டுட்டேன். இனிமே கூப்பிடமாட்டேன். தரை நிலையம்... தரை நிலையத்தை மூடறேன்."

ரேடியோவின் குமிழைத் திருகினாள். விளக்கு அணைந்தது.

"பிள்ளையா?" குபாத்தின் குரல் கிறீச்சிட்டது. "யாருக்கு அண்ணி பிள்ள? என்ன சொல்றீங்க?"

வாசலில் வாளி கீழே விழுந்தது. சோனுன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை!" அனாரா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். "அத்தை, அது படத்துக்குச் சொன்னது... கதைக்காக..."

"காது செவக்குதுடி" என்றாள் சோனுன்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நெஞ்சைப் பிடிப்பாள், மயங்குவாள் என்று பயந்து தண்ணீருக்கு ஓடப்போன அனாராவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்பச் சொன்னான்?"

"...போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம்."

"எனக்கும் அப்பத்தான்டி. 'அவகிட்ட சொல்லாதேம்மா, தாங்கமாட்டா'ன்னான். உன்கிட்ட?"

"உங்களைத்தான் சொன்னார்... தாங்கமாட்டீங்கன்னு."

"பாத்தியா! ரெண்டு பேர் வாயையும் ஒரே பூட்டால பூட்டிட்டுப் போயிருக்கான்! நான் பெத்தேனே, என் வயித்துல அடிச்சுக்கணும்..." அவள் அனாராவின் கையை இன்னும் விடவில்லை. "உனக்குத் தெரிஞ்சா நீ போயிடுவியேன்னு பயந்தேன்டி. நீ போயிட்டா எனக்கு யாரு? குத்தம் உன்மேலன்னு திட்டித் திட்டி வெச்சா, அதைக் கழுவறதுக்காகவாவது இங்கயே கெடப்பேன்னு... பாவி நான்! அவன் அனுப்பினான்னு நீ குடுத்த மேலங்கி பூரா மீன் பொகை வாசம்! எனக்கா தெரியாது? ஒவ்வொரு தடவையும் உன் காதைப் பாப்பேன். பாத்துட்டுத் திட்டுவேன். குத்தம் உன்மேல இல்லடி. ஒரு நாளும் இல்ல!"

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை காலம் காத்திருந்தாள்! அனாரா மாமியாரின் மடியில் விழுந்து ஓவென்று அழுதாள். முற்றத்துக் கதவு படாரென்று சாத்திய சத்தம் கேட்டது. குபாத் வெளியே போய்விட்டான்.

"அத்தை... அந்தப் பேரைச் சொல்லிட்டேன். இனிமே நான் இந்த வீட்டு மருமக இல்லதானே..."

"இல்லதான்" என்றாள் சோனுன். "மருமக இல்ல. மக. மக இந்த வீட்ல எவன் பேரை வேணா சொல்லலாம், எவனை வேணா திட்டலாம்! உங்கக்கா கூப்பிடறாளே, போறதுன்னா போ. மருமக போனா போனதுதான். மகன்னா போவா, வருவா. இது உன் தாய்வீடு... எந்திரி அனாரா. டீ போடு."

'மருமகளே' என்றே கூப்பிட்ட வாய், முதன்முதலாக அவள் பேரைச் சொல்லிற்று.

மூலையில் மேதர் மூக்கைச் சிந்தினான். "அம்மா, மன்னிச்சுக்குங்க. நான் கேமராவை நிறுத்தல..."

"அதை நிறுத்துடா தடியா, முதல்ல! எடுத்ததைச் சின்னவன்கிட்ட குடு. வெச்சுக்கறதா அழிக்கறதான்னு அவனும் அனாராவும் பேசிக்கட்டும்" என்றாள் சோனுன்.

டீ கொதித்தது. அனாரா பால் ஊற்றினாள். பழக்கத்தில் ஐந்து கிண்ணம் எடுத்தவள், வராதவனுக்கான ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முற்றத்துக்கு வந்தாள். தூரத்தில், ஏரிக்கரையில், ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி கொழுந்தன் தண்ணீரைப் பார்த்து நின்றான். எந்தக் கலமும் வந்து இறங்காத தண்ணீர். காற்று எதிரே அடித்தது.

வேலியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"குபாத்! டேய் குபாத்! டீ ஆறுதுடா... வீட்டுக்கு வா!"

அவன் விலுக்கென்று திரும்பினான். இந்தக் குரலில் தன் பேரை அவன் கேட்டதே இல்லை. பிறகு முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, மணலில் நடந்து வீட்டைப் பார்த்து வந்தான்.